மெயின் சுவிட்ச்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்னவென்று தேவமலர் சொல்லிக்கொண்டிருந்தபோது கைப்பேசி மினுங்கியது. அப்பா வீட்டுக் கேமரா தொடர்பில் இல்லை. வெளியே இடியோடு பேய்மழை. அப்பா இருக்கும் புலாவ் செபாங்கில் லைன் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். பாகங்கள் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தால் போதாது, எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். அதற்கு முதலில், அதோடு வாழப்போகிற மனிதர் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். அழகாகத்தான் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அம்மா ஜெயமணி போனபிறகு அப்பா வீரமுத்து அங்கே தனியாக இருந்தார். புக்கிட் காத்திலுக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள், மாட்டேன் என்றுவிட்டார். அதனால் ஹாலில் கேமரா, குளியலறையில் அவசரப் பொத்தான், மாத்திரை நேரத்தில் கூப்பிடும் பெட்டி என்று அந்த வீட்டையே ஒரு சிஸ்டமாக்கிவிட்டாள். "எம்மக என்னைய கண்ணுக்குள்ளயே வச்சிருக்கா லா," என்று அவர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

மழை விட்டும் கேமரா வரவில்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. இடி நேரத்தில் போனையும் அணைத்து வைக்கிறவர்தானே என்று விட்டுவிட்டாள். விடிந்ததும் பக்கத்து வீட்டு ரஷீதா அக்கா கூப்பிட்டார்.

"மலரு, அப்பா விழுந்து கெடக்காரும்மா. ராத்திரி பூரா கெடந்திருப்பாரு போல. சீக்கிரம் வா."

இடி இடித்தால் மெயின் சுவிட்ச்சை அணைப்பது ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த காலத்துப் பழக்கம். அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதில் "அப்பா, இடி வருது, மெயின அடைங்க" என்று முதலில் கத்துகிறவளே அவள்தான். வாசலுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது அந்தப் பெட்டி. நாற்காலி போட்டு ஏற வேண்டும். அம்மா இருந்தவரை நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் குரல் உள்ளே போயிருந்தது.

"இந்த வயசுல ஏம்பா மேல ஏறுனீங்க?"

"நீ வாங்கி மாட்டுன சாமானுங்கம்மா. இடியில போயிருச்சுன்னா? கேமரா நல்லாருக்கா, பாத்தியா?"

"நல்லாருக்குப்பா," என்றாள். அவள் பார்க்கவேயில்லை.

மறுநாள் அவர் போய்விட்டார்.

உடல் வருவதற்குமுன் வீட்டைத் திறந்து வைக்க அவள்தான் முதலில் வந்தாள். ஹால் இருட்டாக இருந்தது. நாற்காலி கவிழ்ந்தபடியே கிடந்தது. நிமிர்த்திப் போட்டு ஏறினாள். பிடித்துக்கொள்ள யாருமில்லாமல் அது ஆடியது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சுவிட்ச்சை மேலே தள்ளினாள். காற்றாடி சுற்றத் தொடங்கியது. கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது, ஒன்றும் ஆகாமல், புதுசு போல.

சற்று நேரத்தில் பையில் இருந்த கைப்பேசி சத்தமிட்டது. நாற்காலியில் நின்றபடியே எடுத்துப் பார்த்தாள்.

அப்பா வீடு. ஹாலில் ஆள் நடமாட்டம்.