விட்டுப்போன காரணம்

டைப்ரைட்டர் நின்றுவிட்டது. ராமசுப்பிரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு, ஊரிலுள்ளவர்களின் மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுக்கிறவர். கனடாவுக்கு மனு அடிப்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை.

"ஏம்மா அற்புதம், பத்து வருசமா எங்க குடியிருந்தீங்கன்னுதான கேட்டேன்? நீ என்னமோ ரயில் நிக்கிற ஸ்டேசன் எல்லாம் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே போற!"

"இருந்த எடத்தத்தான சார் சொல்றேன். நடுவுல ஒரு மாசம்கூட விட்டுப்போகக் கூடாதுன்னு நீங்கதான வாசிச்சுச் சொன்னீங்க?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாத்தா கட்டிய வீட்டில் பிறந்து அதே வீட்டில் பேரன் எடுத்திருக்கிற மனுசர். எங்கள் பாம்பன் தீவின் பிழைப்பு அப்படியா? தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடல் ஆளை அண்டவிடாது, வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். அதனால் வருசத்துக்கு இரண்டு தடவை குடிசையைப் பிரித்து, கம்பு, கூரைக் கிடுகு, சட்டி பானை, கோழி, மாதா படம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவோம். தனுஷ்கோடியில் இருந்தவரை அங்கே, பிறகு பாம்பனில். எந்த வருசமும் இது தவறினதில்லை.

பாரத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும் பக்கத்தில் 'விட்டுப்போன காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் வரிக்குக் காரணம் கேட்டார். "காத்து மாறிருச்சு சார்" என்றேன். அடித்தார். இரண்டாவதுக்குக் கேட்டார். காற்று மாறியது. மூன்றாவதுக்கும் அதேதான். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத வாசிக்கிறவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்? பேசாம பொறந்ததுலருந்து பாம்பன்னு ஒரே வரியில முடிச்சிருவோம். பாக்கவும் லெச்சணமா இருக்கும்."

என் வீட்டுக்காரர் சகாயத்துக்கு யார் எதைச் சொன்னாலும் சரிதான். படகு இஞ்சின் தவிர வேறு எதனோடும் மல்லுக்கட்டத் தெரியாது. "சார் சொல்றதும் சரியாத்தான் புள்ள இருக்கு" என்று தலையை ஆட்டினார். எனக்குச் சுரீர் என்றது.

"என்ன சரி? அங்கன கூப்பிட்டு வச்சுக் கேக்கும்போது ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கவா? சார், மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் உள்ளதத்தான் அடிக்கணும்."

என் தம்பி கில்பர்ட் கப்பல் வேலைக்குப் போய், கனடாவில் ஹாலிபாக்ஸ் என்ற ஊரில் இறங்கி, அங்கேயே ஒரு மீன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். படகு இஞ்சின் தெரிந்த ஆளுக்கு அங்கே நல்ல மரியாதை, அத்தானைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தான். கூடவே, மனுவில் ஒரு பொய் இருந்தாலும் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தான். அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று துடித்தவள் நான்தான். எனக்கு மாடி வேண்டாம், கார் வேண்டாம். ஆடியிலும் தையிலும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அடை வைத்த கோழி நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க வேண்டும். நானும் போகிற கரையெல்லாம் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிக்கொண்டுதான் வந்தேன். அது துளிர்க்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். திரும்பி வரும்போது ஆடு மேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் மணல் மூடியிருக்கும். ஒரே ஒரு முருங்கையிலாவது கீரை பறித்துவிட்டுச் சாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

"கனடாவுல பனிதான் பெய்யும், முருங்கை வராது" என்று சகாயம் சீண்டுவார். "வர்றது எதுவோ அத நட்டுக்கிறேன், நீங்க வாய மூடுங்க" என்பேன்.

வரிசையில் அறுபத்து நாலாம் வருசம் வந்தது. தனுஷ்கோடி தெற்குக் கரை. விட்டுப்போன காரணம். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுட என் அம்மா வீட்டுக்குப் பாம்பன் போயிருந்ததால் நாங்கள் பிழைத்தோம். குடிசை இருந்த இடம்கூட மிஞ்சவில்லை. ராமசுப்பிரமணியன் எதையும் கேட்காமல் அவரே 'புயல்' என்று அடித்துவிட்டு, மூன்று பேருக்கும் டீ சொன்னார். அந்த நிமிசம் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

டீ குடித்த தெம்பில் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். பதில் போட வேண்டிய விலாசம். அப்போது புரட்டாசி, நாங்கள் வடகரையில் இருந்தோம். பதில் எப்போது வருமோ யாருக்குத் தெரியும்? ஐப்பசி பிறந்தால் தென்கரைக்குக் கிளம்பிவிடுவோம். காலி மணலில் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? பத்து வருசத்து விலாசத்தையும் ஒப்பித்தவளுக்கு இந்த ஒரு விலாசம் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுக்குப் போயி கண்ணக் கசக்குவாகளா? என் வீட்டு விலாசத்தப் போடுறேன், தாயி. அது எங்கயும் எந்திரிச்சுப் போயிராது" என்றார் ராமசுப்பிரமணியன்.

ஐப்பசியில் வாடை வந்தது. தென்கரைக்கு மாறினோம். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, பதிலைக் காணோம். தினமும் காலை ரயில் பாலத்தில் வருகிற சத்தம் கேட்டால் சேதி ஏதும் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். தை மாதத்தில் ஒருநாள் உச்சிவெயிலில், நான் உலை வைத்திருந்தபோது, பனைகளுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் தள்ளாடி வந்தார். கையில் செருப்பு, தோளில் மஞ்சள் பை, தலையெல்லாம் மணல். பார்த்தால் ராமசுப்பிரமணியன்!

"நல்லா இருக்கீகளா நீங்க! தபால்ல அனுப்பினா வேற கரைக்குப் போயிருமேன்னு நானே கொண்டாந்தேன். வந்தவன் நேரா வடகரைக்குப் போயிட்டேன். அங்கன ஒரு ஈ காக்கா இல்ல!"

சகாயம் இஞ்சினைத் துடைத்த துணியோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "காத்து மாறிருச்சுன்னு அத்தன தடவ நீங்கதான சார் அடிச்சீங்க!"

"அடிச்சது வெரலு, எனக்கென்னப்பா தெரியும்?" என்று அவரும் சிரித்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேனே தவிர, என் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. "சார், மொதல்ல சேதியச் சொல்லுங்க. நல்லதா கெட்டதா?"

"உங்க காயிதத்த நான் ஒடைப்பேனா?" பைக்குள் கையை விட்டு உறையை எடுத்துப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எனக்கு உயிர் போய் உயிர் வந்த பிறகு வாசித்து முடித்தார். "மாசிக் கடைசியில டில்லியில இருக்கிற கனடா ஆபீசுக்கு வரச் சொல்லிருக்கான், தாயி. ரெண்டு பேரும் நேர்ல போகணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாவே என்று கும்பிட்டேன், சகாயத்தின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இரு, இரு. கூட ஒரு பாரம் வச்சிருக்கான்" என்றார் ராமசுப்பிரமணியன். "மனுப் போட்டதுக்கு அப்பறம் வீடு மாறியிருந்தா எழுதி அனுப்பணுமாம்."

எழுதுவதற்குப் பேனாவைத் தேடிப் பையை மடியில் கவிழ்த்தார். பேனாவோடு ஒரு கொத்து முருங்கைக்கீரையும் வந்து விழுந்தது.

"ஏது சார் இது?"

"வடகரையில நீங்க இருந்த எடத்துல முருங்கை ஒண்ணு இடுப்பொசரத்துக்குத் தளுத்து நிக்கிது. கேக்க ஆளில்ல. வீட்டுக்கு ஆகுமேன்னு ஒடிச்சேன். ஏம்மா, யாரும் வச்சதா?"

கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலில் வதங்கியிருந்தாலும் வாசம் போகவில்லை. அவர் பாரத்தைப் பையின்மேல் விரித்து, புது விலாசத்தை எழுதி, மாதத்தை எழுதி, 'விட்டுப்போன காரணம்' கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. என் அடுப்புப் புகை கடலைப் பார்த்துச் சாய்ந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் இலையை உருவி உருவிக் கொதிக்கிற சட்டியில் போட்டேன்.