மாப்பிள்ளை கம்பெனியின் சொந்த போன்

மென்பொருள் கம்பெனி தானே தயாரித்த முதல் போன் விற்பனைக்கு வந்த அன்று, வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்ததும் அது மெல்ல எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. சார்ஜ் நன்றாக நின்றது, படம் தெளிவாக விழுந்தது, எடை மட்டும் இல்லை. பல வருடங்களாக அந்தக் கம்பெனி மென்பொருளை மட்டும் எழுதிக் கூட்டாளிகளுக்குக் கொடுத்து வந்தது. கண்ணாடி, பேட்டரி, எடை எல்லாம் கூட்டாளிகள் பொறுப்பு. சொந்தமாகச் செய்யக் கிளம்பியபோது இன்ஜினியர்கள் கண்ணாடியை நினைத்தார்கள், பேட்டரியை நினைத்தார்கள். எடை பக்கத்து மேசைக்காரர் வேலை என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். புகார் சொன்னவர்களுக்கு, எடை அடுத்த அப்டேட்டில் வரும் என்று பதில் போயிற்று. ஜனங்களும் அண்ணாந்து பேசிப் பழகிக்கொண்டார்கள்.

கூட்டாளிகளில் பெரியவர் முதலாளியின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அவருடைய தொழிற்சாலை போன்களில்தான் அந்த மென்பொருள் முதன்முதலில் ஓடியது. சொந்த போன் சமாச்சாரத்தை, அது விற்பனைக்கு வரும் முன்பே, மாப்பிள்ளை அவரிடம் சாப்பாட்டு மேசையில்தான் உடைத்தார்.

"உங்க போனும் இருக்கும் மச்சான், எங்க போனும் இருக்கும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல."

மச்சான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். "எனக்கு எதிர்க்கடை போட்டுட்டு எனக்கே பரிமாறுறீங்களே மாப்ள," என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தங்கைக்கு மனசே விட்டுப்போயிற்று. பெற்றவர்கள் போனபின் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். "அண்ணன் வர்ற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க," என்று புருஷனிடம் சொன்னாள், சொன்னபடியே இருந்தாள்.

அப்டேட் தயாரானது. எடையைச் சும்மா உண்டாக்க முடியாது என்பதால், பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி இன்ஜினியர்கள் அதை எழுதியிருந்தார்கள். முதல் சோதனையை முதலாளி தன் வீட்டுக் கூடத்தில் செய்தார். எல்லோரையும் போல அவரும் எதையும் படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தினார். போன் தொப்பென்று தரையில் விழுந்தது. அவர் கூரைக்குப் போனார். மனைவி முதலில் மின்விசிறியை அணைத்தாள், பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

மச்சான் வந்து அண்ணாந்து பார்த்தார். "சௌகரியமா இருக்கீங்களா மாப்ள?"

"இருக்கேன் மச்சான். ஆரம்பத்துலயே உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றார் மச்சான். ஸ்டூலில் ஏறிக் கையைப் பிடித்து இறக்கினார். பிடித்திருக்கும்வரை மாப்பிள்ளை தரையில் நின்றார், விட்டால் எழும்பினார். அதனால் மச்சான் விடவில்லை.

அன்றிலிருந்து அலுவலகம், தொழிற்சாலை, பல் டாக்டர் என்று எங்கே போனாலும் இருவரும் கைகோத்தபடிதான் போனார்கள். மச்சான் தங்கை வீட்டுக்கே குடிவந்துவிட்டார். அவர் குறட்டையைப் பற்றித் தங்கை இப்போது புருஷனிடம் வாய் ஓயாமல் பேசினாள். அந்த அப்டேட் வெளியே போகவில்லை, அதற்குப் பதிலாக மச்சானின் தொழிற்சாலை மாப்பிள்ளையின் போனுக்குக் கனமான பின்மூடி செய்து கொடுத்தது. கடைகளில் இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மென்பொருள் விலை பேசும்போது மட்டும் மச்சான் பிடியை லேசாகத் தளர்த்துவார். மாப்பிள்ளையின் கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பும், விலை உடனே படியும்.

சில வருடங்கள் கழித்து ஏதோ ஒரு அப்டேட்டில், எடுத்த எடையை இன்ஜினியர்கள் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் செருப்பு மாட்டும்போதே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. மச்சானுக்கும் கையிலேயே தெரிந்திருக்கும், அவரும் கேட்கவில்லை. இன்றும் இருவரும் கைகோத்தபடிதான் அலுவலகப் படி ஏறுகிறார்கள். விலைப் பேச்சில் மச்சான் பிடியைத் தளர்த்தினால், மாப்பிள்ளை தானாகவே நுனிக்காலில் எம்பி நிற்கிறார்.