ராமக்காள் எறும்பாக மறுக்கிறாள்

1

இந்தக் கதையை நான் எறும்புகளைக் கொண்டு தொடங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மைசூரின் அகன்ற தெருக்களில் மாலையில் உலாவும்போது, இவற்றுக்குக் கல் சுமந்தவர்கள் அன்று எங்கே படுத்துறங்கினார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லியே தேய்ந்த நாக்கு வேறெப்படித் தொடங்கும்?

'ஓர் எறும்புக்கூட்டம் அரசனுக்கு நகரம் கட்டிக்கொடுத்தது. கட்டி முடித்ததும் அது—'

[அடித்துவிட்டேன். எறும்பென்றால் வேலை முடிந்ததும் வரிசையாகப் போய்விடும். ராமக்காள் போகமாட்டாள்.]

2

ராமக்காள் கொள்ளேகாலப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. பிளேக்கு மைசூரைக் குதறிய பிறகு, காற்றும் வெளிச்சமும் புகும்படி புதிய தெருக்கள் அமைத்தார்கள். அந்த வேலைக்குக் கணவன் சென்னப்பனோடு வந்தாள். கொள்ளேகாலச் சீமை அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே மகாராஜாவின் ஊரில் அவள் அயலாள். வேலைத்தலத்தின் தாழ்ந்த ஓரத்தில் கூலிக்காரர் குடிசைகள் இருந்தன. திட்டப்படத்தில் அவ்விடம் வெறும் வெள்ளை. வெள்ளைதானே என்று, புதுத் தெருக்களின் சாக்கடை முழுவதையும் அங்கே திறந்துவிட வரைந்திருந்தார்கள். மழைக்கு முன் கால்வாய் வெட்டியாக வேண்டும். வெட்டப்போகிறவர்களும் அந்தக் குடிசைக்காரர்களே.

[இங்கே சர்வேயர் வெங்கடசுப்ரமணியனைக் கொடியவராக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. கூலி தாமதமானால் கூலிக்காரருக்காக மேலிடத்தில் பரிந்து பேசுகிறவர் அவர். நல்லவர் வரைந்த படத்திலும் அவர்கள் இல்லை.]

3

கால்வாய்க்கு முளையடிக்க சர்வேயர் வந்த காலையில், கோடு போகவேண்டிய இடத்தில் ராமக்காள் மூன்று கல் கூட்டிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். புதுமனை புகுவோர் செய்யும் சடங்கு; மனை மட்டும் இல்லை. குடிசைக்காரர் எல்லோரும் குளித்து, விசேஷத்துக்கு வந்தவர்களைப்போல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பால் பொங்கினால் சாமிக்கும் ஒரு டம்ளர் உண்டு என்று சர்வேயரிடம் சொன்னான் சென்னப்பன்.

இது என்ன கூத்து என்று கேட்டார் சர்வேயர். வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிறவர்களுக்குத் தெருவும் குழாயும் எதற்கு என்று பொறுமையாகவே விளக்கினார்.

"இந்தத் தெரு முடிஞ்சா அடுத்த தெருவுங்க சாமி. ஊரு வளர்றது நின்னாத்தானுங்களே நாங்க போறது?" என்றாள் ராமக்காள்.

"நீங்கள்ளாம் வெளியூர்க்காரா. நான் என்னம்மா பண்ணுவேன்?"

"சாமி மட்டும் இங்கயே மொளைச்சீங்களாக்கும்? உங்கப்பாரு தஞ்சாவூர்ல இருந்து உத்தியோகத்துக்கு வந்தவருன்னு நீங்கதான சொன்னீங்க. போன வருசம் மறுபடி பிளேக்குன்னு எங்க கூரையப் பிரிச்சுப் போட்டப்ப, வெளியூருன்னு விட்டுட்டீங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"படத்துல எங்களையும் வரைங்க. ஒரு தெரு, ஒரு கொழாய். சாக்கடைய நாங்களே சுத்தி வெட்டித் தர்றோம். இல்லீன்னா இன்னிக்குக் கடப்பாறை எந்திரிக்காதுங்க."

4

முடிவு ஒன்று: சர்வேயர் படத்தைத் திருத்துகிறார், எல்லோரும் பால் குடிக்கிறார்கள். [இனிக்கிறது. அவள் வென்றதை அவர் கொடுத்ததாக்கிவிடும். வேண்டாம்.]

முடிவு இரண்டு: போலீஸ் வந்து அடுப்பை உதைக்கிறது. மறுநாள் அவள் வேறு மூன்று கல்—

[இதையும் நிறுத்திவிட்டேன். உதைப்பதற்கு என் உதவி தேவையில்லை. அதற்கு எப்போதும் ஆள் உண்டு.]

பால் விளிம்புவரை ஏறிவிட்டது. முளையும் சுத்தியலும் சர்வேயர் கையில். ராமக்காள் நகரவில்லை; அவளை நகர்த்தி ஒரு வாக்கியமும் நான் எழுதமாட்டேன். வாசகரே, நீங்கள் எந்த நகரத்துக்குப் படம் வரைகிறீர்களோ, அங்கிருந்து இதை முடித்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் குறுக்கே கோடு போட மட்டும் என் பேனாவைக் கேட்காதீர்கள்.