மந்திரி பேத்திக்கு முதல் வரிசை

"நம்ம நாட்டுச் சரித்திரத்துலயே முதல் தடவையா ஒரு மந்திரியை விலங்கு மாட்டிக் கூட்டிட்டு வர்றாங்க. பிஞ்சுங்களும் பாக்கட்டும்"னு பெரிய மிஸ் சொன்னதும் என் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆபீஸ் ரூம் டிவியை நானே தூக்கிட்டு வந்து மழலை வகுப்புல வச்சேன். இடுப்பு விட்டுப் போச்சு. போகட்டும்.

போற போக்குல பெரிய மிஸ் இன்னொண்ணும் சொன்னாங்க. "அந்தப் பிள்ளையை மட்டும் என் ரூமுக்கு அனுப்பிடுங்க. பாவம், தாத்தாவை அந்தக் கோலத்துல பாக்க வேணாம்." சரி மிஸ்னேன். அனுப்பலை.

அனுப்புவேனா? அச்சாபீஸ்ல வேலை பார்த்த என் வீட்டுக்காரரை, அரசாங்கத்தை எதிர்த்து ஒரு நோட்டீஸ் அடிச்ச குத்தத்துக்கு, அந்த மந்திரியோட உத்தரவுல ஜீப்ல ஏத்திட்டுப் போனாங்க. பதினோரு வருஷமாச்சு. எலும்புகூடத் திரும்பி வரலை.

என் தலையெழுத்தைப் பாருங்க, இந்த வருஷம் அவன் பேத்தி என் வகுப்புலயே வந்து சேர்ந்தா. நாலு வயசு. பிள்ளையை யார் கூட்டிட்டுப் போகலாம்னு கிழமைக்கு ஒண்ணா போட்டோ ஒட்டின அட்டை எங்ககிட்ட இருக்கும். வெள்ளிக்கிழமை அட்டையில அவன் மூஞ்சி. வாராவாரம் அட்டையையும் மூஞ்சியையும் ஒத்துப் பாத்து, "வாங்க சார்"னு பல்லைக் காட்டி, பிள்ளையை அவன் கையில ஒப்படைப்பேன். நான் யாருன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

இன்னிக்கும் வெள்ளிக்கிழமை. கடைசி வரிசையில உக்காரப் போனவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, டிவிக்கு நேரா முதல் வரிசையில உக்கார வச்சேன். என் வீட்டுல அழுத அழுகையை அவன் வீட்டுலயும் ஒருத்தி அழட்டும்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்.

கோர்ட்டு வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. அவனை இறக்குனாங்க. ரெண்டு கையிலயும் விலங்கு. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறுச்சு. நான் டிவியைப் பாக்கலை, அவ மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

"ஐ, எங்க தாத்தா"ன்னு துள்ளி எழுந்தா.

யார் வீட்டு ஆள் வந்து நின்னாலும் எங்க வகுப்புப் பிள்ளைங்க எழுந்து கை தட்டி வரவேற்கணும். அப்படிப் பழக்கினதே நான்தான், இந்தப் புண்ணியவதி. இருபத்திரெண்டு பிள்ளைங்களும் எழுந்து நின்னு, "வாங்க தாத்தா, வாங்க"ன்னு அவனுக்குக் கை தட்டுச்சுங்க. உக்காருங்கடான்னு கத்துறேன், ஒண்ணு கேக்கணுமே. டிவியை அணைச்சேன்.

அவ வந்து என் சேலையைப் பிடிச்சு இழுத்தா. "மிஸ், தாத்தா டிவியில இருக்காரே, அப்ப என்னைக் கூட்டிட்டுப் போக எப்ப வருவாரு?"

வரமாட்டான். இனிமே வரவே மாட்டான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே காத்துக்கிட்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"வேலையா வெளியூர் போறாருடா கண்ணு. வந்துருவாரு."

அப்பா எங்கம்மா, எப்ப வருவாருன்னு வாசப்படியை விட்டு நகராமக் கேட்ட என் மகனுக்கு நான் சொன்ன அதே பொய், ஒரு எழுத்து மாறலை. அதை இன்னிக்குத் தனக்காகவும் என் வாயாலயே சொல்ல வச்சுட்டான் அந்தப் பாவி. அவன் ஜெயில்லயே கிடந்து சாகட்டும்.