இரண்டு மாமியார்களும் ஒரு ஏப்ரனும்

என் அக்கா சாருகாவைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. அவளும் ஸ்டவாங்கர் பையன் ஒருவனும் ட்ரொண்ட்ஹைமில் படிக்கும்போதே ஒருவரையொருவர் பார்த்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது, இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்ப்பதுதான். ஆபத்தான பகுதியும் அதுதான்.

பையனின் அம்மா இந்திராதேவி அன்ரி ஒரு சனிக்கிழமை ஒஸ்லோவுக்கு வருவதாக அறிவித்தார். ஸ்டவாங்கர் நகரசபையில், கணக்குப் பிரிவில் பெரிய வேலை என்று கேள்வி. அதைக் கேட்ட நாளிலிருந்து என் அம்மா செல்வமலருக்கு நித்திரை இல்லை. அம்மா நோர்வேக்கு வந்த புதிதில் பாட்ஸ்பியோர்ட்டில், வடதுருவத்துக்கு அடுத்த வளவில், தொழிற்சாலையில் மீன் வெட்டியவர்.

"மீன் எண்ட சொல்லே உன்ர வாயிலை வரக்கூடாது," என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டார்.

"சாப்பாட்டுக் கடையிலை என்ன வேணும் எண்டு கேட்டால்?"

"மரக்கறி எண்டு சொல்லு."

அக்கா தனியாகச் செய்தி அனுப்பினாள்: 'அம்மா இதைக் கவிழ்த்துப் போட்டால் நான் உன்னைத்தான் கேப்பன்.' என் பிறந்தநாளுக்குக்கூட அவள் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

அன்ரியை நேரே அம்மருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவராமல் வால்டெரின் மாளிகைக்குக் கூட்டிப்போவது அம்மாவின் திட்டம். வால்டெரின் என்பது கடற்கரையோரம் இருக்கும் உயர்தர உடுப்பு நிறுவனம். கீழே கடை, மேலே அதன் அருங்காட்சியகம். கீழே வாங்க முடியாததை மேலே போய்ப் பார்க்கலாம். நான் கலை வரலாறு படிப்பவன் என்பதால் வழிகாட்டி வேலை எனக்கு வந்தது. அப்பாவை வீட்டிலேயே விட்டோம். அவருக்குப் பொய் சொல்ல வராது.

கடைக்குள் ஒவ்வொரு கைப்பைக்கும் தனி மேடை, தனி விளக்கு. எங்கள் வீட்டில் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

"இது போன வருசத்து நிறமெல்லோ," என்றார் அம்மா, சித்தியிடம் இரவல் வாங்கிய பையைத் தோளில் சரிசெய்தபடி.

"ஓம், எனக்கும் உந்த நிறம் அலுத்துப்போச்சு," என்றார் அன்ரி.

அம்மா எதையும் தொடவில்லை. விலைச்சீட்டு கண்ணில் பட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அன்ரியும் தொடவில்லை. பணக்காரர்கள் தொடமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விற்பனைப் பெண், சற்று இளைப்பாற உட்கார்ந்த அம்மாவின் காலடியில் மண்டியிட்டுச் சப்பாத்தைப் போட்டுவிடப் பார்த்தாள். "ஐயோ பிள்ளை, எழும்பு எழும்பு!" என்று அம்மா கதிரையிலிருந்து துள்ளினார். அன்ரி வேறு பக்கம் பார்த்தார். அக்காவின் கலியாணம் கொஞ்சம் சரிந்த மாதிரி இருந்தது. அவசரமாக இருவரையும் மேலே கூட்டிப்போனேன்.

மேலே எல்லாம் கவுன்கள். உடல் இல்லாமலே நிமிர்ந்து நின்றன. கடைசி அறைக்கு 'வடக்கு' என்று பெயர். உள்ளே போனதும் நான் திரும்பிவிடப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை ரப்பர் சப்பாத்து, நீல ஏப்ரன், முத்துப் பதித்த தலைமயிர் வலை. வடகடல் மீன் தொழிற்சாலைகளின் 'மௌனமான நேர்த்தி'யிலிருந்து உருவான தொகுப்பு என்று பலகையில் எழுதியிருந்தது. என் அம்மா எதையும் மௌனமாகச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"இதென்ன தம்பி, சமையல் உடுப்போ?" என்று அம்மா கேட்டார். அந்த நடிப்புக்கு ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம்.

"கடல் சம்பந்தப்பட்ட ஏதோ ஒண்டு, அம்மா."

பெட்டிக்குப் பக்கத்தில், பார்வையாளர்கள் அணிந்து படம் எடுப்பதற்காகச் சில ஏப்ரன்கள் தொங்கின. அங்கே நின்ற ஊழியன் ஒன்றை எடுத்து அன்ரியின் கழுத்தில் போட்டு, முடிச்சுப் போட உதவட்டுமா என்று நோர்வே மொழியில் கேட்டான். அன்ரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கைகள் காத்திருக்கவில்லை. நாடாக்களைப் பின்னால் எறிந்து, குறுக்கே இழுத்து, முன்னால் கொண்டுவந்து முடிந்து, முடிச்சை உள்ளே செருகியும் முடித்துவிட்டன.

அம்மா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாலை முடிஞ்சிருக்கிறியள்."

"அது... சும்மா, அழகுக்கு."

"அழகுக்கோ? பின்னாலை முடிஞ்சால் விறைச்ச கையாலை அவிழ்க்கேலாது."

சொல்லிவிட்டு அம்மா வாயைப் பொத்தினார். சொல் எப்போதோ வெளியே வந்து, அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் கைக்கு எட்டாமல் நான் எந்த நாட்டில் குடியேறலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

"எந்த இடம்?" என்று அன்ரி மெல்லக் கேட்டார்.

"பாட்ஸ்பியோர்ட். நீங்கள்?"

"வார்டோ. அங்கையும் மீன்தான்."

"அப்ப அந்தக் கணக்குப் பிரிவு?"

"நகரசபையிலை வேலை உண்மைதான். கூட்டித் துடைக்கிறனான். கணக்கு எண்டது என்ர மகன் சேர்த்தது."

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தார்.

"வார்டோவிலை உங்களுக்குக் கை நனைக்கச் சுடுதண்ணி வாளி வைச்சவையாமே?"

"ஆர் சொன்னது? வாளி ஃபோர்மனுக்கு. எங்களுக்கு அதின்ர ஆவி."

அம்மா சிரித்தார். அன்ரியும் சிரித்தார். மாளிகை முழுவதும் கேட்கிற சிரிப்பு. முத்து வலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணி தள்ளி நின்றார். அம்மா தானே ஒரு ஏப்ரனை இழுத்து மாட்டி, முன்னால் முடிந்துகொண்டு அன்ரிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"விது, படம் எடு. அக்காவுக்கு அனுப்பு."

அனுப்பினேன். பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன.

"அது சரி," என்று அன்ரி அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்கட மகளுக்கு மீன் வெட்டத் தெரியுமோ?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். இன்றைக்குச் சொன்ன பொய்யே போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எங்கை! பெட்டியிலை வாற ஃபிஷ் ஃபிங்கரைப் பொரிப்பாள். அதையும் கருக்கிப்போடுவாள்."

"அதுக்குள்ளை முள் இராதெல்லோ?"

"ஒரு முள்ளும் இராது."

"என்ர பெடியன் முள்ளைக் கண்டால் எழும்பி ஓடுறவன்," என்று அன்ரி அம்மாவின் கையைப் பிடித்தார். "அப்ப பொருத்தம் சரி. ஆவணியிலை வைப்பம்."