நிகழ்ச்சியின்போது நின்ற இடம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. ஒரு படிவத்தை நிரப்பாமல் தப்பிப்பதற்காக இதை எழுத உட்கார்ந்தேன். படிவம் ஒரே பக்கம். ஒரு பக்கத்துக்குப் பயந்து பல பக்கம் எழுதுகிறவனைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நானும் அதையேதான் நினைக்கிறேன்.

கதையில் ஒருவர் வருகிறார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நகராட்சியின் நூற்றாண்டு மலரைத் தொகுத்தவர். அதிலிருந்து ஊரில் அவருக்கு 'மலர்க்காரர்' என்றே பெயர். கேள்விப்பட்டுப் பூ வாங்க வந்தவர்களும் உண்டு. அவரை நான் 'அவர்' என்றே சொல்லப்போகிறேன். யார் என்று நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருந்தால், தயவுசெய்து கொஞ்ச நேரம் தெரியாததுபோல் இருங்கள். எங்கள் ஊரில் அது மரியாதை.

2

தொடக்கம் ஒன்று: "ஆற்றின் இரு கரைகளிலும் சோம்பலாகப் படுத்துக் கிடந்தது அந்த நகரம்..." [வேண்டாம். எல்லா நகரமும் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் சோம்பலாகப் படுத்துத்தான் கிடக்கிறது. எழுந்து உட்கார்ந்த நகரத்தை யாரும் எழுதியதில்லை.]

தொடக்கம் இரண்டு: பெருநகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. சிற்றூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நடுத்தர நகரத்திலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் தெரியாததுபோல் நடந்துகொள்ள இடமுண்டு. அதற்கு வேண்டிய அளவுக்குத் தெருக்கள் இருக்கின்றன.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

மலருக்காக அவர் எட்டு மாதம் ஆவணக் காப்பறையில் தூசி தின்றார். எந்த வருடம் பாலம், எந்த வருடம் குழாய்த் தண்ணீர், யார் எத்தனை வாக்கில் தலைவரானார் என்று கட்டுக்கட்டாக எழுதினார். அவ்வளவு பாடு தேவையே இல்லை. ஊரைப் புரிந்துகொள்ள தியேட்டரின் இருக்கைகளைப் பார்த்தாலே போதும். திரைக்கு முன்னால் பெஞ்ச்: ஆற்றங்கரைத் தெருக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். நடுவில் நாற்காலி: குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். மேலே பால்கனி: வக்கீல், டாக்டர், கடை முதலாளிகள், அவர்களுடைய கல்லூரிப் பிள்ளைகள். மூன்று வகுப்புக்கும் மூன்று வாசல். படம் முடிந்து போகும்போதுகூட ஒருவர் தோள் இன்னொருவர் மேல் பட்டுவிடாதபடி கட்டியிருந்தார்கள். எல்லோரும் அழுதது என்னவோ ஒரே படத்துக்குத்தான்.

3

நாற்பத்தோரு வருடங்களுக்கு முன், மதியக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஆறு ஊருக்குள் வந்தது. மின்சாரம் போயிற்று. ஆற்றங்கரைத் தெரு ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிவந்தார்கள். அந்தப் பக்கத்தில் மாடியுள்ள கட்டடம் தியேட்டர் ஒன்றுதான். பால்கனிக் கதவு திறந்தது. முந்நூறு பேர் பிழைத்தார்கள். இதுவரைக்கும் உண்மை.

மலரின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் எழுதியது இது: "அன்று ஆறு கரையை உடைத்தது; முதலாளி கதவைத் திறந்தார்."

நல்ல வாக்கியம். வெட்கத்தோடு சொல்கிறேன், இன்றைக்கும் நல்ல வாக்கியம்தான். அந்த அரைப்புள்ளிக்காக அவர் இரண்டு நாள் யோசித்தார். தியேட்டரை இடித்து ஜவுளி மாளிகை கட்டியபோது அந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பதித்தார்கள். அரைப்புள்ளியோடு.

தியேட்டர் முதலாளி அன்று ஊரிலேயே இல்லை. வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் பால்கனி வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். டிக்கெட் இல்லாத ஜனங்களை மேலே விட்டதற்கும், புது உறை போட்ட நாற்காலிகள் சேறானதற்கும் சேர்த்து, தண்ணீர் வடிந்த மறுநாள் அவருக்கு வேலை போயிற்று.

[பக்கக் குறிப்பு: மலர் அச்சுக்குப் போவதற்கு முன் டிக்கெட் கிழிக்கிறவர் ஒரு முறை மலர்க்காரரின் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். வலது கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. "விசாரிச்சு எழுதறேன்" என்றார் மலர்க்காரர். விசாரிக்கவுமில்லை, எழுதவுமில்லை.]

4

இப்போது மலருக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. இரண்டு வாரங்களுக்கு முன், திருத்திய பக்கங்களை நகல் எடுக்க அவர் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பத்து வருடமாகப் போகிற கடை. கடைக்கார அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இயந்திரத்துக்குள் போகிற எந்தத் தாளையும் படிக்காமல் விடமாட்டார். வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, மாற்றுச் சான்றிதழ் என்று ஊரின் உண்மையான வரலாறு அவருக்குத்தான் தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார், இது பழையபடியே போகுதா?"

"எது?"

"முதலாளி கதவைத் திறந்தது."

"ஏன் கேக்கறீங்க?"

"திறந்தது எங்க அப்பா சார்."

பத்து வருடத்தில் ஒரு நாள்கூட அந்த அம்மாள் இதைச் சொன்னதில்லை. சில்லறையைக்கூடச் சரியாக எண்ணிக் கொடுத்து, "வாங்க சார்" என்று அனுப்பியிருக்கிறார். மலர்க்காரர் கேட்டார்:

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"அப்பா உங்ககிட்ட வந்து சொன்னாரே சார். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

5

மலர்க்குழுச் செயலாளர் நல்ல மனிதர்; ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். எதற்கும் படிவம் உண்டு என்று நம்புகிறவர். முறையிடப் போன அந்த அம்மாளிடம் அவர் சொன்னார்: "கண்ணால பார்த்தவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்மா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள கொண்டாங்க, மாத்திடலாம். கல்லையும் மாத்தச் சொல்லிடலாம்."

அந்த அம்மாள் தேடினார். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைத் தெருவைக் காலி செய்து ஜனங்களைத் திசைக்கொருவராக அனுப்பிவிட்டார்கள். தேடிப் பிடித்த நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இருட்டில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது, பிடித்திருந்த ஆள் தெரியவில்லை. திறந்தவர் முகத்தைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம், பால்கனிக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் எங்கேயோ.

மலர்க்காரர் படிவத்தில் ஒரு நகல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கே கட்டங்கள். பெயர். வயது. முகவரி. நிகழ்ச்சியின்போது நின்ற இடம்.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு சிறிய காரியத்துக்கு ஒரு மனிதர் இப்படி இழுப்பாரா? 'அப்போது ஏமாந்துவிட்டேன், இப்போது திருத்துகிறேன்' என்று சொன்னால் ஊரே பாராட்டுமே. பிறகு ஏன் கதை எழுத உட்கார்ந்தார்? வாசகர் நம்ப மாட்டார். வலுவான காரணம் ஒன்று வேண்டும்.]

6

காரணத்தைத் தள்ளிப்போட ஒரு வழி கண்டுபிடித்தேன். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் நகல் எடுக்க அதே கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாள் படிப்பார் என்று தெரியும். படித்தால் மனம் குளிர்ந்து, படிவத்தை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமான வாசக எதிர்பார்ப்பு எந்த எழுத்தாளனுக்கும் இருந்திருக்காது.

படித்தார். தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"நல்லா இருக்கு சார். சில்லறை எண்ணிக் கொடுத்ததெல்லாம் போட்டிருக்கீங்க."

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க."

"காட்டறேன். ஆனா இது கதைதானே சார். பொய்ய வரலாறுன்னு எழுதினீங்க, கல்லுல வெட்டினாங்க. இப்ப நிஜத்தைக் கதைன்னு எழுதறீங்க. இதை யார் நம்புவாங்க?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாள் சிக்கிக்கொண்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

"இன்னொண்ணு விட்டுட்டீங்க சார். அப்பா வலது கையப் பையில வச்சிருந்தார்னு எழுதியிருக்கீங்க. ஏன்னு எழுதல."

"ஏன்?"

"ரெண்டு விரல் மடங்காது. ஜனங்க வர்ற சத்தம் கேட்டதும் பால்கனிக்காரங்க உள்ளேருந்து கதவைச் சாத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா சந்துல கைய விட்டுத் தள்ளியிருக்கார். உள்ள இருந்தவங்க திருப்பித் தள்ளிட்டாங்க. அப்புறம் தோளால இடிச்சுத் திறந்தார். தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலேஜ் பையன் நின்னானாம். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அப்பாவுக்கு அவன் மேல கோபமே கிடையாது சார். எப்பப் பேச்சு வந்தாலும், 'பயந்துட்டான், பாவம்'னு சொல்லுவார்."

பிறகு கேட்டார்: "எத்தனை காப்பி சார்?"

7

அந்தச் சட்டையை என் அம்மா எடுத்துக் கொடுத்தார்.

இதற்கு மேல் 'அவர்' என்று எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன். "அப்போது அவருக்கு இருபது வயது. கல்லூரிக்குப் போகாமல் படத்துக்கு வந்திருந்த அவர்..." [அவர் இல்லை. நான். நான்தான்.]

கீழேயிருந்து ஜனங்கள் வருகிற சத்தம் கேட்டது. வக்கீல் ஒருவர், "இத்தனை பேரை விட்டா மாடி தாங்காது" என்று கத்தினார். அது நியாயம்போலத்தான் இருந்தது. தாழ்ப்பாளுக்கு அருகில் இருந்தவன் நான். மூன்று நான்கு பேர் என் முதுகில் சாய்ந்து தள்ளினார்கள். [மூன்று நான்கு பேர் என்று எழுதுவது பழியைப் பங்குபோடத்தான். என் கைகள் என்னுடையவை.] இடையில் ஏதோ நசுங்கியது. தாழ்ப்பாள் பிசகிய சத்தம் என்று நினைத்தேன்.

[இல்லை. அப்படி நினைக்கவில்லை. அலறல் கேட்டது. கேட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.]

கதவு இடிபட்டுத் திறந்ததும் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. டிக்கெட் கிழிக்கிறவர் என்னைத் திட்டவில்லை. என்னை ஒதுக்கிவிட்டு, பின்னால் இருந்தவர்களிடம், "மேல வாங்க, மேல வாங்க, பிள்ளைகளை முன்னாடி விடுங்க" என்றார். மாடி தாங்கியது. மாலைவரைக்கும் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றங்கரைத் தெருக்காரி ஒருத்தி என் நடுக்கத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, உன் வீட்டு ஆளுங்க யாராவது தண்ணியில மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தன் துண்டைக் கொடுத்தாள். அந்தப் பொய்யைத்தான் நான் முதன்முதலாக நன்றாகச் சொன்னேன்.

பத்தொன்பது வருடம் கழித்து மலர் எழுத உட்கார்ந்தபோது, முதலாளியே கதவைத் திறந்தார் என்று முதலாளியே சொன்னார். எனக்கு அது எவ்வளவு வசதி என்று அவருக்குத் தெரியாது. முதலாளி திறந்திருந்தால் கதவை யாரும் சாத்தியிருக்க வேண்டியதில்லை. விரல் நசுங்கியிருக்க வேண்டியதில்லை. என் வாக்கியத்தில் அரைப்புள்ளி நிற்கிற இடத்தில்தான் நான் நின்றேன்.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவன் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, டிக்கெட் கிழிக்கிறவரின் வீட்டுக்குப் போகிறான். அவர் அந்த மடங்காத விரல்களாலேயே அவன் தலையைத் தடவுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்துப்போட்டேன். அவருடைய கையை நசுக்கிய பிறகு, அதே கையை என் கதைக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

இரண்டு: கையெழுத்திடுகிறான், செயலாளர் விதியைக் காட்டி மறுத்துவிடுகிறார். பழி படிவத்தின் மேல் போய்விடும். சுகமான முடிவு. ஆனால் செயலாளர் அப்படிப்பட்டவர் அல்ல, நேற்றுக்கூட, "யாராவது கிடைச்சாங்களா?" என்று விசாரித்தார்.

மூன்று: வெள்ளிக்கிழமைக்கு முன்பே டிக்கெட் கிழிக்கிறவர் இறந்துபோகிறார். எழுதவே இல்லை, யோசித்ததோடு சரி. மூன்று வரியில் முடிந்துவிடும். எழுபத்தெட்டு வயது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விரலை ஒடித்தவன், கதைக்கு வசதியாக உயிரையும் எடுக்கப் பார்த்தேன். இதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. மேசையில் படிவம் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். வயது அறுபத்தொன்று. முகவரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்காவது கட்டத்தில் ஒரு சொல் எழுதியிருக்கிறேன்: கதவுக்கு.

இன்னும் ஒரு சொல் வேண்டும். உள்ளே, வெளியே. இரண்டும் மூன்றெழுத்து, இரண்டுக்கும் கட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த நேரத்திலும் எழுத்தை எண்ணுகிறேன், பாருங்கள். வெளியே என்று எழுதினாலும் டிக்கெட் கிழிக்கிறவருக்கு அவர் பெயர் கிடைத்துவிடும். நான் தண்ணீரில் நின்றவனாகிவிடுவேன். இருட்டில் டார்ச் வெளிச்சம்தான் தெரியும் என்பதைச் செயலாளர் கவனிக்க மாட்டார். ஆனால் நாளைக் காலை படிவத்தை நகல் எடுக்க அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாள் படிக்காமல் விடமாட்டார்.

நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். நான் எங்கே நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். இனிமேல் உங்களையும் கண்ட சாட்சியாகத்தான் நான் நினைத்தாக வேண்டும். அடுத்த மாதம் இரண்டாம் பதிப்பு வந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் இன்னமும் முதலாளிதான் கதவைத் திறந்துகொண்டிருக்கிறார் என்றால், தாழ்ப்பாளிலிருந்து நான் இன்னும் கையை எடுக்கவில்லை.