வைஸ் கடித்த காசு

பிழைக்காசை வாங்க வந்த காசுக்கடைக்காரர் படியேறும் சத்தம் கேட்டபோதுதான் ஃபிட்டர் அந்தக் காசைத் திருப்பிப் பார்த்தான்.

கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு பக்கத்தையே பார்த்துப் பூரித்திருந்தான். எண் இருக்க வேண்டிய பக்கத்தில் தலை குழியாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அச்சில் ஒட்டிக்கொண்ட காசு அடுத்த காசின்மேல் அழுந்தினால் வரும் பிழை. பிழைக்காசு சேர்ப்பவன் ஆயுசுக்கு ஒன்று பார்த்தால் பெரிது. குழியோரம் நசுங்கிப்போன எண்ணின் வால் எட்டிப்பார்த்ததை அழுக்கு என்று நினைத்துவிட்டான். மறுபக்கத்தை எவன் பார்த்தான்?

இப்போது பார்க்கிறான். அந்தப் பக்கத்துத் தலைக்கு மூக்கு சப்பை. கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைப் பல். இரண்டு காசைச் சேர்த்து வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

காசைக் கொண்டுவந்து கொடுத்த மைத்துனன் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஃபிட்டரின் பட்டறையில்தான் வேலை.

"ஏன்டா மாப்ள, இது உன் வேலையா?"

காலாட்டம் நின்றது. "வெளையாட்டுக்குத்தான் மாமா. ரெண்டு நாள் குதிப்பீங்க, அப்புறம் கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன். நீங்கதான் ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிட்டீங்களே!"

கதவைத் திறந்துவிட்ட மனைவி, தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பின்னாலேயே கடைக்காரர், கறுப்புக் கண்ணாடியோடு.

"கண்ணுல ஆபரேஷன். காசு பாக்குற லென்ஸ மூட்டகட்டி வச்சாச்சு. நீங்க பாத்தீங்கல்ல? நீங்க சரின்னா சரி. உங்க பேச்ச வச்சுத்தான் நான் அடுத்தவனுக்குக் குடுக்கப்போறேன்."

மைத்துனன் கண்ணாலேயே கெஞ்சினான். 'சரி' என்று ஒரு சொல் போதும். ஃபிட்டர் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"இது தேறாதுங்க. வைஸ்ல வச்சு இறுக்கினது."

கடைக்காரர் செம்பை வாங்கி நிதானமாகக் குடித்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க படியேறுறப்ப."

"அதுவரைக்கும்?"

"மறுபக்கத்தப் பாக்கல."

"பாக்காமத்தான் ஃபோன்ல அப்படிக் குதிச்சீங்களா?" பையைத் துழாவி ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். "அப்போ முன்னாடி நீங்க எனக்குக் குடுத்தது? கோணலா அடிச்ச காசுன்னு?"

மைத்துனன் துள்ளி எழுந்தான். "அது நான் இல்ல மாமா! சத்தியமா நான் இல்ல!"

"நீ வாயத் தொறந்தாலே சந்தேகம் வருதுடா," என்றாள் அவன் அக்கா.

ஃபிட்டர் தன் லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். உறையிலிருந்த காசை விளிம்பில் பிடித்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பினான். இருபக்கமும் உருவம் ஒரே ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. வெற்று ஓரத்தில் கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. லென்ஸை இறக்கினான்.

"இது அசல்ங்க. அடிக்கிறப்ப தகடு நகர்ந்திருக்கு. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

"இருக்கும்." கடைக்காரர் கையை நீட்டிக் காசை வாங்கி உறையில் போட்டார். "கண்ணு தெளியட்டும். நானே ஒருவாட்டி பாத்துக்கிறேன்."

படியில் கைகொடுக்க ஃபிட்டர் ஓடினான். அவர் வேண்டாமென்று தலையாட்டி, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார்.